கிறித்தவக் கல்லூரிகளில் மாணவர் பல்லியம்

திருவில்லிபுத்தூர்க்கு அணித்தே திருவண்ணாமலை என்னும் பெயருடைய சிறு குன்றம் ஒன்று உண்டு. சிவபெருமானின் அழல்வடிவமாகப் போற்றப்பெறும் திருவண்ணாமலை வேறு, இது வேறு. இக்குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டுள்ளார். தென்திருப்பதி என மக்கள் வழங்கும் இத்தலத்திற்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வருவர். அவ்வழியே செல்வோர்க்கு ஆண்டாளின் நினைவு எழுதல் இயல்பே. திருப்பாவையின் முப்பது பாசுரங்களை ஓதுவார் அந்நூலில் 'பறை' என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருதலைக் காண்பர். நோன்புக்கு உரிய கருவியாகப் பறையை ஆயர் சிறுமியர் கண்ணனிடம் வேண்டுகின்றனர். அச்சொல் இறைவனுக்கு ஆற்றும் தொண்டினையே குறிக்கும் என்று வைணவ உரைகாரர் விளக்குவர். எவ்வாறு கொள்ளினும், இறைவனிடம் சென்று கேட்டுப் பெறுதற்குரிய பேறாகப் பறை அங்கே நிற்கின்றது.

பிற்காலத் தமிழகத்தில் அதே சொல் தாழ்வின் அடையாளமாயிற்று. கருவிக்கு நேர்ந்த இவ்விழிவு அதனை முழக்கிய மக்களுக்கு நேர்ந்த இழிவே என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வுண்மையை நன்கு விளங்கக் காட்டும் வரலாறு ஒன்று இதுகாறும் உரிய அளவில் ஆராயப்பெறவில்லை. அது கிறித்தவக் கல்விநிலையங்களில் மாணவர் கூடியிருந்து பல கருவிகளை ஒருங்கே இசைத்த வரலாறு. அதனைச் சுருக்கமாக ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். மேனாட்டுக் கருவிகளைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தமையே இந்நிலையங்களின் இசைத்தொண்டு என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து முழுதும் பொருந்துவதன்று என்பதும், பிறப்பால் வேறுபட்டோரை ஒரே வரிசையில் அமர்த்தியமையே அவற்றின் உண்மைத் தொண்டு என்பதும், பறை உள்ளே புகும்வரை அத்தொண்டு குறையுடையதாகவே இருந்தது என்பதும் நாம் நிறுவக் கருதுவன.

1. பல்லியம் என்னும் சொல்

பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசையைக் குறிக்க இன்று 'கூட்டிசை', 'இசைக்குழு', 'ஆர்க்கெசுட்ரா' எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இப்பொருளுக்குரிய பழஞ்சொல் பல்லியம் என்பது. சங்கப் புலவருள் நெடும்பல்லியத்தனார் என்பார் ஒருவரும், நெடும்பல்லியத்தை என்பார் ஒருவரும் உளர். புலவர்க்கே பெயராய் அமையும் அளவு இச்சொல் வழக்கில் ஊன்றியிருந்தமை இதனாற் புலனாம். நெடும்பல்லியத்தனார் பாடிய புறப்பாட்டில் விறலி எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகளாக யாழும் ஆகுளியும் பதலையும் ஒருங்கு கூறப்பெறுகின்றன. மலைபடுகடாத்தின் தொடக்கமோ கூத்தர் தம் பைகளில் கட்டிச் சுமந்து செல்லும் கருவிகளின் நீண்ட பட்டியலாகவே அமைந்துள்ளது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னுள்ள கருவியைப் பின்பற்றி நிற்கும் முறை கூறப்பெற்று, அனைத்தும் கூடிய நிலை 'ஆமந்திரிகை' என்னும் பெயரால் சுட்டப்பெறுகின்றது.

இவற்றிடையே ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கின்றது. நரம்புக் கருவியும் தோற்கருவியும் பழந்தமிழரிடை உயர்வு தாழ்வு கற்பிக்கப்பெறாமல் உடன் நின்றன. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் யாழையும் பறையையும் ஒரே நூற்பாவில் வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகமும் முல்லைக்கு ஏறுகோட்பறையும் நெய்தலுக்கு மீன்கோட்பறையும் என நிலந்தோறும் பறை வகுத்தனர் உரைகாரர். மாங்குடி கிழார் பாடிய புறப்பாட்டொன்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகள் பெருமையுடன் பேசப்பெறுகின்றன. ஆகவே பறையைப் பல்லியத்திற்குப் புறம்பாக வைத்தல் பழைய மரபு அன்று. இடைக்காலத்தே நேர்ந்த பிரிவு.

2. வயலின் வரவும் ஒரு காலப் பிழையும்

மேனாட்டு வயலின் தமிழிசைக்கு உரியதாக மாறிய வரலாற்றைக் கூறுவோர் சிலர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சுவார்ட்சு பாதிரியாரிடம் அக்கருவியைக் கற்றார் என்று எழுதியுள்ளனர். இக்கூற்று காலத்தோடு முரணுகின்றது. சுவார்ட்சு 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798 பிப்ரவரித் திங்களில் தஞ்சையில் மறைந்தவர். வடிவேலு பிறந்தது 1810 அளவில். ஆசிரியர் மறைந்து பன்னீராண்டு கழித்துப் பிறந்தவர் அவரிடம் பாடம் கேட்டிருத்தல் இயலாது. வடிவேலு வயலினில் பெரும்புலமை பெற்றதும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு யானைத்தந்த வயலின் அளித்ததும் உண்மை. அவருக்கு அக்கருவி சுவார்ட்சிடமிருந்து வந்தது என்பதே ஒப்பமுடியாதது.

உண்மையான வழிகளாக இரண்டைக் கூறலாம். ஒன்று கோட்டை, மற்றொன்று அரண்மனை. முத்துசாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் (1786–1858), தம் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். செயின்ட் சார்ச்சுக் கோட்டையின் படைக்குழு இசைத்த மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியங்கள் அமைத்தார். நோட்டுசுவரம் என்று வழங்கும் அப்பாடல்களில் ஒன்று ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டிலேயே அமைந்துள்ளது. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் மேனாட்டு இசைக்குழு ஒன்றை வைத்திருந்தார். அவர் தொகுத்த மேனாட்டு இசைச் சுவடிகளும் அச்சுநூல்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

பாலுசாமி தீட்சிதர் பின்னர் எட்டயபுரம் அரண்மனைப் புலவரானார். முத்துசாமி தீட்சிதர் 1835 இல் மறைந்ததும் எட்டயபுரத்திலேயே. பாலுசாமியின் மகள்வழிப் பேரராகிய சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904 இல் அங்கிருந்தே வெளியிட்டார். அவரை அப்பணிக்குத் தூண்டியவருள் கத்தோலிக்க அறிஞர் அ. மா. சின்னசாமி முதலியார் குறிப்பிடத்தக்கவர். தென்னாட்டு இசையை மேனாட்டுக் குறியீட்டில் எழுதி அச்சிடும் முயற்சியில் அவர் தம் பொருளையும் உடல்நலத்தையும் இழந்தார்.

இச்செய்திகளால் ஒன்று தெளிவாகின்றது. கருவியைக் கொணர்ந்தது கிறித்தவப் பள்ளி அன்று, படையும் அரசவையுமே. எனின், கிறித்தவக் கல்விநிலையம் செய்தது யாது?

3. வழிபாட்டில் எவ்விசை?

இவ்வினாவிற்கு விடை காணத் தரங்கம்பாடிக்குச் செல்ல வேண்டும். சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 சூலைத் திங்களில் அங்கு வந்திறங்கினர். அவர்கள் செருமானிய நாட்டு ஆலே நகரத்துப் பக்திமரபினர். அம்மரபில் பள்ளி மாணவரே திருச்சபையின் பாடகர். இலூத்தர் தம் இளமையில் பிற மாணவரோடு தெருவில் பாடி உணவு பெற்றவர். செபாசுடியன் பாக்கு 1723 முதல் இலைப்சிக் நகரில் பணியாற்றியபோது அவருடைய பாடற்குழு தாமசுப் பள்ளியின் மாணவர்களைக் கொண்டதே. பள்ளி, வழிபாடு, கூட்டிசை மூன்றும் பிரியாமல் நின்ற இம்மரபையே தரங்கம்பாடியார் தமிழகத்தில் நட்டனர். 1704 இல் ஆலேயில் வெளிவந்த பிரைலிங்காசனின் பாடல் தொகுதியிலிருந்த மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் பொருத்தப்பெற்றன. செருமானிய மெட்டின் அசையெண்ணிக்கைக்குத் தமிழ்ச் சீர்கள் பணிய நேர்ந்தமையால் பாட்டின் பொருளும் ஓசையும் இடர்ப்பட்டன. ஞானப்பாட்டு எனவும் பாமாலை எனவும் வழங்கும் வகை இவ்வாறு தோன்றியது.

இதற்கு மறுதலையாக எழுந்தது கீர்த்தனை. அதன் தலைவர் திருநெல்வேலியில் 1774 இல் பிறந்து, சுவார்ட்சிடம் வளர்ந்து, தஞ்சையில் வாழ்ந்து, 1864 இல் மறைந்த வேதநாயக சாத்திரியார். குறவஞ்சி என்னும் நாட்டுச் சிற்றிலக்கிய வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர் அவர். சரபோசி மன்னரின் நட்பையும் ஆதரவையும் பெற்றவர். தமிழ் மெட்டும் தமிழ்க் கருவியும் வழிபாட்டில் இடம்பெற வேண்டும் என்று வாதிட்ட முன்னோடி என்று அவரைப் பாராட்டுகின்றோம். அப்பாராட்டு தகும்.

ஆயினும் ஆய்வாளர்க்குரிய நடுநிலையோடு மற்றொரு பக்கத்தையும் கூற வேண்டும். 1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிசனரிமாருடன் சாத்திரியார் பெரிதும் முரண்பட்டார். அவர் எடுத்துரைத்த குறைகள் நான்கு. வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. விழாக்களில் மலர் விலக்கியது ஒன்று. வழிபாட்டில் தமிழிசையை விலக்கியது ஒன்று. பல சாதியாரையும் ஒன்றாய் அமர்ந்து கலக்குமாறு வற்புறுத்தியது மற்றொன்று. தமிழிசைக்காக எழுந்த குரலும் சாதிப் பிரிவுக்காக எழுந்த குரலும் ஒரே வாயினின்று வந்தன. 1833 இல் ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றும் ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது எதிர்ப்பு இன்னும் வலுத்தது.

இவ்விரு குரல்களையும் பிரித்துணராது எழுதுவோர் இரு பிழைகளுள் ஒன்றில் வீழ்வர். சாத்திரியாரை மொழிப்பற்றின் உருவாக மட்டும் காண்பது ஒரு பிழை. சாதிப்பற்றின் உருவாக மட்டும் காண்பது மற்றொரு பிழை. தமிழிசையை விலக்கியவர் சமத்துவத்தைக் கொணர்ந்தனர். சமத்துவத்தை மறுத்தவர் தமிழிசையைக் காத்தனர். பின்வந்த ஒன்றரை நூற்றாண்டில் கிறித்தவக் கல்விநிலையங்களின் இசையை அலைத்தது இம்முடிச்சே.

4. மதுரையும் திண்டுக்கல்லும்

மதுரை நாட்டில் அமெரிக்க மிசன் 1834 இல் தொடங்கிற்று. அதன் உயர்கல்வி நிலையம் 1842 இல் திருமங்கலத்தில் தோன்றி, 1845 இல் பசுமலைக்கு மாறியது. அங்கு 1881 இல் உருவான கல்லூரியே 1904 இல் மதுரைக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரி என விளங்குகின்றது. வைப்பாற்றுப் பகுதியிலோ ஆங்கிலத் திருச்சபையின் வடதிருநெல்வேலி ஊழியம் 1854 முதல் இராக்லாந்து முதலியோரால் நடத்தப்பெற்றது. சிவகாசியைச் சூழ்ந்து அவர்கள் கூடாரமடித்து ஊர்தோறும் சென்றனர். ஆகவே திருவில்லிபுத்தூர் வட்டாரம் வடக்கே பசுமலை, தெற்கே பாளையங்கோட்டை என்னும் இரு கல்விநகரங்களுக்கு இடைப்பட்டதாயிற்று.

பசுமலையில் 1840களில் சாதியொழிப்பிற்குச் சோதனையாக வைக்கப்பெற்றது ஒன்றாய் உண்ணுதல். தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை எல்லாரும் உடனிருந்து உண்ணல் வேண்டும் என்ற நிலையில் மாணவர் பலர் வெளியேறினர். உணவு பிரித்தது, இசையோ பிரித்தவரை ஓரளவு கூட்டியது. 1853 இல் அம்மிசனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பார் சாத்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். தஞ்சையில் ஒதுக்கப்பெற்ற தமிழ்ப்பண் மதுரையில் மிசனரி ஒருவராலேயே அச்சேறியமை கருதத்தக்கது. சாதிச் சமத்துவத்தை வற்புறுத்திய நிலையத்திலேயே தமிழ் மெட்டும் வரவேற்கப்பெற்றது. முடிச்சின் ஓர் இழை இங்கே அவிழத் தொடங்கிற்று.

இதன் தொடர்ச்சியை இருபதாம் நூற்றாண்டில் இருவரிடம் காண்கின்றோம். ஈரோட்டில் பணியாற்றிய பாப்ளி, திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1921 இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கில நூல் எழுதியவர். தமிழ்க் கருவிகளுடன் கதாகாலட்சேபம் செய்தவர். மதுரை மிசனின் எம்மன்சு ஒயிட்டும் அவ்வாறே தென்னாட்டு இசையை முறையாகப் பயின்று பாடியவர். இந்திய இசையைச் சுவைக்கும் நெறி பற்றி 1957 இல் நூல் வெளியிட்டவர்.

இவர்களினும் மேலாக நினைக்கத்தக்கவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிச் சீமையின் சாம்பவர்வடகரையில் பிறந்த அவர், திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, அங்கேயே ஆசிரியரும் ஆனார். அவ்வூரில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். கிறித்தவப் பயிற்சிப்பள்ளி மாணவர் ஒருவர் தமிழ் ஆசிரியரிடம் மேனாட்டுக் கருவியில் தமிழ்ப்பண் பயின்ற இக்காட்சி, முன்பகுதியில் நாம் கூறியதற்குத் தக்க சான்று. கருவி அதற்குள் தமிழாகிவிட்டது. பின்னர்த் தஞ்சையில் வாழ்ந்து, 1912 இல் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டி, 1917 இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சிலப்பதிகாரத்தின் ஆயப்பாலை முதலியவற்றை இசைக்கணக்கோடு பொருத்தி ஆராயும் நெறி இந்நூலால் வலுப்பெற்றது.

5. மாணவர் பல்லியத்தின் இயல்பு

கல்லூரிப் பல்லியம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். கச்சேரியில் பாடுவோர் ஒருவர் தலைவர். வயலினும் மத்தளமும் அவரைத் தொடர்வன. குருவின் வாய்வழியே பாடம் வரும். குருவைத் தேர்தலிலும் மாணவனை ஏற்றலிலும் பிறப்பு குறுக்கிடும். பல்லியத்திலோ எழுதிய தாள் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றது. தாள் எவர் மகன் என்று கேட்பதில்லை. மேனாட்டுக் கோட்டுக்குறியீட்டைவிட எளிதான எழுத்துக்குறியீட்டு முறை மிசன் பள்ளிகளில் பரவியது. ச ரி க ம எனப் பாடிப் பழகிய தமிழ்ச் சிறாரிடம் அது விரைவில் வேரூன்றியதில் வியப்பில்லை. தாளைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அமரலாம். இருவர்க்கு ஒரு தாங்கி. ஆகவே இருவரும் தோளுரச அமர்தல் வேண்டும். ஒன்றாய் உண்ணுதலால் எய்த முயன்றதை ஒன்றாய் வாசித்தலால் ஓசையின்றி எய்தினர்.

எனினும் இடர்கள் இருந்தன. மேனாட்டு முறையில் பயின்றோர் வயலினைத் தோளில் ஏந்துவர். நரம்புகளை ஐந்தாம் சுரம் ஐந்தாம் சுரமாகக் கூட்டுவர். தென்னாட்டு முறையினர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி, ச ப ச ப எனக் கூட்டுவர். இருவரையும் ஒரு பல்லியத்தில் சேர்ப்பின் சுருதி கூட்டுதற்கே நெடும்பொழுது செல்லும். கமகம் மற்றோர் இடர். பதின்மர் ஒரு சுரத்தைப் பதின்வகையாக அசைப்பின் கலக்கமே விளையும். ஆகவே பல்லியங்கள் கமகம் மிகுதியும் வேண்டாத பண்களையே நாடின. மேனாட்டுப் பெருஞ்சுர வரிசையோடு ஒத்த சங்கராபரணமும், சிறுசுர வரிசைகளோடு ஒத்த நடபைரவி, கீரவாணி ஆகியவையும் கூட்டுச்சுர அமைப்பிற்கு இசைந்தன. நோட்டுசுவரங்கள் சங்கராபரணச் சுரங்களில் நின்றமைக்கும் காரணம் இதுவே. ஆர்மோனியமோ நிலைத்த சுரங்களால் சுருதிக்குத் துணையாயினும் கமகத்திற்குப் பகையாயிற்று. அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கி, 1971 வரை அவ்விலக்கை நிலைநிறுத்தியது. வானொலியில் இடமிழந்த காலத்தும் ஆலயத்திலும் நாடக மேடையிலும் ஆர்மோனியம் ஓயவில்லை.

நம் பட்டறிவையும் வேண்டுமளவு கூறுகின்றோம். நாம் இளங்கலை பயின்ற கிறித்தவக் கல்லூரியின் பல்லியத்தில் இரண்டாம் வயலின் வரிசையில் அமர்ந்து மூன்றாண்டு வாசித்தோம். பக்கத்து வரிசையில் பெருமுரசும் சிறுமுரசும் இயக்கிய நண்பர் இராசபாளையத்தை அடுத்த சிற்றூரினர். தாளத்தில் அவரை மிஞ்சியவர் எவரும் அக்கல்லூரியில் இலர். அவர்தம் தந்தையார் பறையிசைக் கலைஞர் என்பது எமக்குக் கல்லூரியின் கடைசி ஆண்டில்தான் தெரியவந்தது. ஒரு நாட்டுப்புறப் பாடலுக்குப் பறை வேண்டுமென்று நாம் கூறியபோது, வீட்டிலிருந்து கொணருமாறு அவரையே வேண்டினோம். அவர் மறுத்தார். எவரும் தடுக்கவில்லை, பயிற்றுவித்த ஆசிரியரும் விரும்பவே செய்தார். கல்லூரியில் தம்மை முரசு வாசிப்பவன் என்றே எல்லாரும் அறிவர் என்றும், பறையை எடுத்த அன்றே தம் தெருவின் பெயரால் அறிவர் என்றும் நண்பர் அமைதியாகச் சொன்னார். அன்று அப்பாடலுக்கு அவர் சிறுமுரசின் கம்பிச்சரத்தைத் தளர்த்திப் பறையின் அடவையே அதில் வாசித்தார். அவையினர் கைதட்டினர். பறையின் இசை மேடை ஏறியது, பறை ஏறவில்லை.

எழுதிய தாள் எவர் மகன் என்று கேட்பதில்லை என்று மேலே கூறினோம். தாள் கேட்கவில்லை, கருவி சொல்லிவிடுகின்றது. வயலினை எடுத்தவன் சாதியை மறைத்துக்கொள்ளலாம். பறையை எடுத்தவன் மறைத்தல் அரிது. ஆகவே பல்லியம் அளித்த சமத்துவம், தாழ்த்தப்பட்ட மாணவன் தன் வீட்டுக் கருவியை விட்டுவிட்டு வருதற்கு ஈடாக அளித்த சமத்துவமே.

தோல் தீட்டு என்பது பறையை விலக்குவோர் கூறும் காரணங்களுள் ஒன்று. அக்காரணம் நில்லாது. மத்தளத்திற்கும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் ஆகியவை வேண்டும். டி. எம். கிருட்டிணா 2020 இல் வெளியிட்ட ஆய்வுநூல், தஞ்சையில் வழிவழியாக மத்தளம் செய்துவரும் தலித் கிறித்தவக் குடும்பத்தாரின் வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. புகழ்பெற்ற வித்துவான்கள் மடிமேல் வைத்து வாசித்த மத்தளங்கள் அவர்கள் கையால் ஆனவை. தோல் ஒன்றே, கருவியை ஏந்தும் கை வேறாகும்போது மதிப்பும் வேறாகின்றது.

6. பறையின் வரவு

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 இல் நிறுவப்பெற்றது. அங்கு ஆசிரியராக விளங்கிய தியாபிலசு அப்பாவு (1940–2005), பறட்டை என்னும் புனைபெயரால் பலரும் அறிந்தவர். மேனாட்டு இசையும் தென்னாட்டு இசையும் அறிந்த அவர், 1990களில் கிராமிய இசையில் வழிபாட்டு முறையொன்றை அமைத்தார். அதனைக் கல்லூரி ஆலயத்தில் மாணவரே பாடினர், பறையும் முழங்கிற்று. தலித் கலைவிழாக்களிலும் பறை முதலிடம் பெற்றது. இவரது இசைப்பணியைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சோயி செரினியன் 2014 இல் தனிநூல் வெளியிட்டுள்ளார்.

அப்பாவுவின் கருத்து ஆழமானது. பாமாலை மேனாட்டாரின் செல்வாக்கையும், கீர்த்தனை உயர்சாதியாரின் செல்வாக்கையும் தாங்கி வந்தன. உழைப்போரின் இசை வாயிலிலேயே நின்றது என்பது அவர் கண்ட உண்மை. நாட்டார் பாடலைப் பாடுவோர் தம் நிலைக்கேற்ப மாற்றிப் பாடலாம்; அது தாளில் உறைந்து நிற்பதன்று. ஆகவே பாடுவோரே அதன் ஆசிரியரும் ஆவர். பல்லியத்தின் எழுதிய தாள் தந்த சமத்துவம் படித்தவர்க்கு மட்டும் உரியது. வாய்மொழி தரும் சமத்துவமோ அனைவர்க்கும் உரியது. ஒரே உலையில் அனைவரும் சமைத்துண்ணும் வாழ்வை அவர் தம் இறையியலின் நடுவில் வைத்தார். பசுமலையில் 1840களில் ஒன்றாய் உண்ணுதலால் தொடங்கிய சோதனையும், தஞ்சையில் தமிழிசைக்காக எழுந்த குரலும் இங்கே ஒன்றை ஒன்று முதன்முறையாகத் தழுவிக்கொண்டன. சாத்திரியாரிடம் முரணி நின்ற இரு வேட்கைகள், தமிழிசையும் சமத்துவமும், ஒரே முழக்கத்தில் இணைந்தன. நாம் முன்னர்ச் சுட்டிய முடிச்சு அவிழ்ந்தது இவ்விடத்தே.

பறை ஆலயத்துள் நுழைந்தபோது உடன் நுழைந்தது மற்றொன்று. வயலினின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவர். பறையின் தோலையோ தீயில் காய்ச்சியே விறைப்பேற்ற வேண்டும். வைக்கோலும் சருகும் எரியும் சிறுதீயைச் சுற்றி மாணவர் வட்டமாக நின்று, அடிக்குச்சியாலும் சுண்டுக்குச்சியாலும் தட்டித்தட்டி ஒலி தேறுகின்றதா என்று பார்ப்பர். சிற்றூர்த் தெருவின் இச்செயல் கல்லூரி வளாகத்தில் நிகழ்ந்தது. கருவியை ஏற்றுக்கொண்டோர் அதன் வாழ்க்கை முறையையும் ஏற்க வேண்டியதாயிற்று.

இதனை ஒட்டிய முயற்சிகள் பிறவும் உள. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைக் கல்லூரிப் பாடமாகவும் ஆய்வாகவும் வளர்த்தது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியர் ஒருவர் தோற்றுவித்த சக்திக் கலைக்குழுவில் இளம்பெண்கள் பறை பயின்று மேடையேறினர். ஆபிரகாம் பண்டிதர் வயலின் பயின்ற அதே ஊரில், ஒரு நூற்றாண்டிற்குப் பின் பெண்கள் பறை பயின்றமை இவ்வரலாற்றின் போக்கை நன்கு உணர்த்தும். அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையிசைக்காக 2025 இல் பத்மசிறீ விருது பெற்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. வயலின் முதலிய கருவிகளைத் தமிழகத்தில் பரப்பியது கோட்டையும் அரண்மனையுமே. கிறித்தவக் கல்விநிலையங்களின் தனித்தொண்டு, பல பிறப்பினரையும் ஒரு தாளின் முன் ஓரிருக்கையில் அமர்த்திய மாணவர் பல்லியமே. அப்பல்லியமும் நெடுங்காலம் மக்களை ஏற்று, அவர்தம் கருவியை ஏலாது நின்றது. பறை ஏற்கப்பெற்ற பின்னரே யாழையும் பறையையும் ஒருங்கு வைத்த பழந்தமிழ் மரபு கல்விநிலையத்தில் மீண்டது.

இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கல்லூரி ஆண்டுமலர்களிலும் ஆலய ஏடுகளிலும் பல்லியங்களின் புகைப்படங்கள் கிடைக்கும். அவற்றில் யாவர் அமர்ந்துள்ளனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவர் கையில் எக்கருவி உள்ளது என்றும், வீட்டில் எதனை வைத்துவிட்டு வந்தனர் என்றும் ஆராய்தல் வேண்டும். முதல் இரண்டையும் படம் காட்டும்; மூன்றாவதை உசாவியே அறிதல் கூடும். உசாவுதற்குரிய முதியோர் இன்னும் சிற்றூர்களில் வாழ்கின்றனர்.

நம் நண்பரை அண்மையில் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் திருவண்ணாமலைக் குன்றின் அடிவாரத்தே கண்டோம். அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக உள்ளார். தம் பள்ளி மாணவர்க்குப் பறை கற்பிப்பதாகவும், கற்போருள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உளர் என்றும் சொன்னார். ஆண்டாள் வேண்டிய பறை இதுவோ என்று ஆராய்தல் உரைகாரர் கடன். வேண்டுவார்க்கு அது மறுக்கப்படலாகாது என்பதில் எமக்கு ஐயம் இல்லை.